பதினாறாயிரம் ரூபாவும் மூன்று கேம்களின் இசையும்

இந்த மாதம் கையில் பதினாறாயிரம் ரூபா மிச்சம். வீட்டுச் செலவு, அம்மாவின் மருந்து, பஸ் காசு எல்லாம் போக, யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத காசு. டொலர் முந்நூறைத் தாண்டி நிற்கிற காலத்தில் இது ஐம்பது டொலருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

கொம்பியூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் என் விருப்பப் பட்டியலின் மேலே மூன்று கேம்கள் நிற்கின்றன. எக்ஸ்பெடிஷன் 33, விலை 49.99 டொலர். ஹேடிஸ் 2, 29.99. சில்க்சாங், 19.99. பின்னிரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 49.98. ஒரு பக்கம் ஒரு பெரிய கேம், மற்றப் பக்கம் ஒரு சோடி. நடுவில் ஒரே ஒரு சதம். தராசுக்காரன் நிறுத்து வைத்த மாதிரி!

இவை பொது விலைகள். தெற்காசியாவுக்கென்று டொலரிலேயே தனி விலை வைக்க ஸ்டீமில் வழி உண்டு. சில கொம்பனிகள் வைக்கும், சில வைக்காது. அதனால் உங்கள் திரையில் தெரிவது கொஞ்சம் மாறலாம். கார்டுக்கு வங்கி பிடிப்பது தனி. ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று பொது விலையையே வைத்துக்கொள்கிறேன்.

கேம் வாங்கும்போது ஆட்கள் கிராஃபிக்ஸைப் பார்ப்பார்கள், கதையைப் பார்ப்பார்கள், எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று பார்ப்பார்கள். நான் இசையைப் பார்த்து வாங்குகிற ஆள். அந்தக் கணக்கிலும் இந்த மூன்றும் ஒன்றையொன்று விட்டுக்கொடுப்பதாக இல்லை. மூன்றும் 2025இல் முழுதாக வெளிவந்தவை. அந்த வருடம் கேம்களுக்கான பெரிய விருது விழாவான த கேம் அவார்ட்ஸில் சிறந்த இசைக்கான இறுதிப் பட்டியலில் மூன்றுமே இருந்தன. விருது 33க்குப் போனது. அது மட்டுமல்ல, வருடத்தின் சிறந்த கேம் உட்பட மொத்தம் ஒன்பது விருதுகளை அள்ளிக்கொண்டு போனது.

"அண்ணா, ஒன்பது அவார்ட். இன்னும் என்ன யோசிக்கிறீங்கள்?" என்று கேட்கிறான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தியின் மகன்.

நான் யோசிப்பதற்குக் காரணம் கொஞ்சம் பழையது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், தொடர்மாடியின் இரண்டாம் மாடி எங்கள் வீடு. சின்ன வயதில் எங்களிடம் இருந்தது 'ரிவி கேம்'. நின்டென்டோவின் பெட்டியைப் பார்த்து யாரோ மலிவாகச் செய்த பெட்டி. கசெட்டில் ஆயிரத்துச் சொச்சம் கேம் என்று ஒட்டியிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல் தேறாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மம்மா படுக்கும் நேரம், அம்மா வந்து ஒன்றும் சொல்லாமல் ரிவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுப் போய்விடுவார். படம் ஓடும், சத்தம் இராது.

அப்படி விளையாடிய மத்தியானங்களில் மாரியோ என்னிடம் படாத பாடு பட்டான். அந்தக் கேமில் நேரம் நூறுக்குக் கீழே இறங்கினால் இசை திடீரென்று வேகமெடுக்கும். அது கேட்டால் கை தானாக ஓடும். கேட்காவிட்டால் மூலையில் இருக்கும் இலக்கத்தை யார் பார்க்கிறார்கள்? கொடிக்கம்பம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நேரம் முடிந்து செத்திருக்கிறேன், ஒரு தரமல்ல. நட்சத்திரத்தை எடுத்தால் எதிரிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடலாம். அந்தப் பாட்டு நின்றால் துள்ளலை நிறுத்தவேண்டும். சத்தமில்லாத மத்தியானத்தில் அதுவும் தெரியாது. போய் ஆமையில் முட்டிச் சாவதுதான்.

வளர்ந்த பிறகுதான் அதன் உள்விவகாரம் தெரிய வந்தது. அந்தப் பெட்டியில் ஒலிக்கு மொத்தமே ஐந்து வழிகள். இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஐந்தாவது சின்னச் சின்ன ஒலித்துண்டுகளுக்கு. 1985இல் கோஜி கொண்டோ மாரியோவுக்கு இசை போட்டது இந்த இடுக்குக்குள் நின்றுதான். இதில் பங்கு கேட்க இன்னொரு ஆளும் உண்டு: மாரியோ குதிக்கும் சத்தம். குதித்தால் அந்தச் சத்தம் சதுர அலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், அதில் போய்க்கொண்டிருந்த மெட்டு அந்த ஒரு நொடிக்கு வழிவிடும். அதாவது ஒவ்வொரு குதிப்பிலும் என் கை அந்தப் பாட்டைக் கொஞ்சம் வெட்டுகிறது. இதை அறிந்த நாளிலிருந்து கேம் இசையை நான் படப்பாட்டுக் கேட்கிற மாதிரிக் கேட்பதில்லை.

சரி, அதனால் கேம் வாங்குவதற்கு என்னிடம் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது அம்மாவின் சோதனை: சத்தத்தை நிறுத்தினால் விளையாட்டில் எது போய்விடும்? இரண்டாவது 100ஆம் இலக்க பஸ்ஸின் சோதனை: கேம் கையில் இல்லாமல், பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்காரர் போடும் பாட்டையும் மீறி ஹெட்போனில் அந்த இசையைக் கேட்டால் என்ன மிஞ்சும்? முதல் சோதனையில் வெல்லும் இசைக்குக் கேமைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். இரண்டாவதில் மட்டும் வெல்லும் இசையை வாங்காமலே கேட்டு அனுபவிக்கலாம். கொஞ்சம் கஞ்சத்தனமான தத்துவம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டிலும் நூற்றுக்கு நூறு வாங்கிய கேம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எனக்குப் பிடித்த கேம் இசை எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்: 2017இல் வந்த நியர் ஓட்டோமட்டா. கெய்ச்சி ஒகாபேயின் இசை. அதில் பல பாட்டுகள் எந்த நாட்டு மொழியிலும் இல்லை. இருக்கிற மொழிகளின் ஓசைகளைக் கலந்து கற்பனையாகக் கட்டிய ஒரு மொழியில் பாடுகிறார்கள். அந்த மொழி விளங்கவில்லை என்ற குறை எனக்கு வந்ததே இல்லை. ஒரே பாட்டைப் பல அடுக்குகளாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். சும்மா நடந்து திரிந்தால் மெல்லிய அடுக்கு, சண்டை வந்தால் தாளம் ஏறும், நேரம் பார்த்துக் குரல் வந்து சேரும். எதிரிகள் இயந்திரங்கள். ஓர் எதிரியின் உள்ளே ஹக் செய்து, அதாவது அதன் கணினிக்குள் ஊடுருவி, நுழைந்தால் நடப்பதுதான் உச்சம். ஓடிக்கொண்டிருந்த அதே பாட்டு, அறுபடாமல், அந்த இடத்திலிருந்தே பழைய ரிவி கேம் ஒலியாக மாறும். வெளியே வந்தால் திரும்ப வாத்தியங்கள். முதன்முதல் அதைக் கேட்ட இரவு கதையை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஐந்தாறு தரம் செய்தேன். மத்தியானத்தில் என்னிடமிருந்து பறித்த சத்தத்தை யாரோ இருபது வருடம் கழித்துத் திருப்பித் தந்த மாதிரி இருந்தது.

அடுத்தது அண்டர்டேல், 2015. டோபி ஃபொக்ஸ் கதையும் எழுதி இசையும் போட்டுப் பெரும்பகுதியைத் தானே செய்து முடித்த கேம். இதன் இசை எனக்குச் சரியாகப் பிடிபட்டது விளையாடும்போது அல்ல. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனதே, அப்போது. கொம்பியூட்டர் செத்துக் கிடக்கிறது, ஃபோனில் இருபது வீதம் சார்ஜ், கடல் பக்கத்திலிருந்து ஒரு துளிக் காற்று இல்லை. சேமித்து வைத்திருந்த அண்டர்டேல் இசையைத் தரையில் படுத்தபடி வரிசையாகக் கேட்டேன். கேமின் தொடக்கத்தில் வரும் சின்ன மெட்டொன்று வேறு வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு கடைசிவரை வந்துகொண்டே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் காதில் ஏறியது. ஆகவே பஸ் சோதனையை நான் குறைத்து மதிப்பதில்லை. தனியாகக் கேட்டால்தான் தெரிகிற சங்கதிகளும் இருக்கின்றன.

வெண்பா என்ற கேமைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போனால் பாவம். டொரொன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1988இல் தொடங்குகிறது கதை, கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். சமைப்பதுதான் விளையாட்டு: கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்கு எதற்கு மேல் எதைப் போடுவது என்று கண்டுபிடிக்கவேண்டும். சமைக்கத் தொடங்கினால் வானொலியில் பாட்டு வரும், அந்தந்தக் காலத்துத் தமிழ்ப் படப் பாட்டின் சாயலில் புதிதாகப் போட்ட பாட்டுகள். நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்று, "தேங்காய்ப்பூ காணாது" என்றார். வாழ்நாளில் அவர் எனக்குச் சொன்ன ஒரே கேம் ஆலோசனை அதுதான். வெண்பா ஏற்கெனவே என் கணக்கில் இருப்பதால் போட்டியில் சேர்க்கவில்லை. உங்களிடம் இல்லையென்றால் அடுத்த சேலில் பாருங்கள்.

இனி 33.

பிரான்ஸின் மொன்பெலியே நகரத்து சான்ட்ஃபோல் இன்டரக்டிவ் செய்தது. இசை லோரியன் டெஸ்டார். அவருக்கு இதுதான் முதல் கேம். இசைத் தொகுப்பில் 154 உருப்படிகள், எட்டு மணித்தியாலத்துக்கு மேல். முதல் வேலையில் எட்டு மணித்தியால இசை! பியானோ, வயலின், திடீரென்று கிட்டார் இரைச்சல், நடுவில் ஜாஸ், அதற்கு மேலே அலிஸ் டுபோர்-பெர்சியேயின் குரல். இதை நான் இரண்டு மாதமாக பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பம்பலப்பிட்டியில் ஏறும் பள்ளிக்கூடக் கூட்டத்தையும் கொள்ளுப்பிட்டி நெரிசலையும் தாண்டி, இறங்கவேண்டிய தரிப்பை இரண்டு தரம் தவறவிட்டிருக்கிறேன். பஸ் சோதனையில் இதற்குக் கிட்ட நிற்க இந்த மூன்றில் வேறொன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப்பார்த்து, "என்னடா இது, செத்தவீட்டுப் பாட்டு மாதிரி?" என்றார். கதை என்னவென்றால், ஒவ்வொரு வருடமும் தூரத்துக் கற்றூணில் ஓர் இலக்கம் எழுதப்படும், அந்த வயதுக்காரர் எல்லாரும் காற்றில் கரைந்து போவார்கள். இந்த முறை 33. கேம் தொடங்குவதே வழியனுப்புகிற நாளில்தான். அம்மாவுக்கு இதொன்றும் தெரியாது. ஒரு பாட்டைக் கேட்டே பிடித்துவிட்டார். எனக்கு அதில் பெருமையும் பொறாமையும் சம அளவில்.

பிறகு ஏன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை? அம்மாவே பஸ்ஸில் ஏறாமல், கேமைத் தொடாமல் அந்த இசையைப் புரிந்துகொண்டாரே, அதனால்தான். இந்த இசை தன் காலிலேயே நிற்கிறது. கொட்டாஞ்சேனைத் தம்பியோடு இதில்தான் சண்டை. அவன் சொல்வது: "அண்ணா, அதில எதிரி அடிக்கேக்க சரியான நேரத்தில பட்டனை அமத்தித் தடுக்கோணும். கண்ணால பாத்தா ஏமாந்து போவீங்கள். காதாலதான் பிடிக்கோணும்." உண்மைதான். முறை வைத்து அடிக்கும் சண்டைக்குள் நேரம் பிடிக்கிற விளையாட்டையும் வைத்திருக்கிறார்கள், அங்கே சத்தத்தை நிறுத்தினால் அடி வாங்கியே சாகவேண்டியதுதான். ஆனால் தடுப்பதற்கு உதவுவது வாளின் சத்தமும் காலடிச் சத்தமும். பின்னால் போகிற பாட்டு அல்ல. பாட்டு அங்கே சண்டைக்கு மாலை போடுகிறது, சண்டைக்குள் இறங்குவதில்லை. "அது உங்கட விதண்டாவாதம்" என்பது தம்பியின் தீர்ப்பு. இருக்கலாம்.

இன்னொரு நல்ல விஷயம் சொல்லவேண்டும். வழியில் இசைத்தட்டுகளைத் தேடிப் பொறுக்கி, முகாமுக்குக் கொண்டுவந்து கிராமஃபோனில் போட்டுக் கேட்கலாம். கேமைச் செய்தவர்களுக்கே தங்கள் இசை தனியாகக் கேட்கத் தக்கது என்று தெரிந்திருக்கிறது.

ஹேடிஸ் 2க்கு வருவோம். சான் ஃப்ரான்சிஸ்கோவின் சூப்பர்ஜயன்ட், இசை டரன் கோர்ப். 2024 மேயில் அரைகுறையாக வெளியிட்டு, திருத்தித் திருத்தி, 2025 செப்டெம்பர் 25இல் முழுதாக்கினார்கள். தெகிவளையில் இருக்கும் நண்பன் வீட்டில் ஒரு மத்தியானம் முழுக்க விளையாடிப் பார்த்தேன். சொல்லப்போவது அங்கே கண்ட ஒரே ஒரு சண்டையைப் பற்றி.

கடலுக்கடியில் ஒரு மேடை. ஸ்கில்லா என்ற அரக்கி பாடகி. பக்கத்தில் ட்ரம்ஸ் அடிக்க ஒருத்தி, கிட்டாருக்கு ஒருத்தி. பொஸ் சண்டை, அதாவது பெரிய எதிரியோடு நடக்கும் சண்டை, இங்கே கச்சேரி. அவர்கள் பாடிக்கொண்டே அடிக்கிறார்கள், நீங்கள் ஓடிக்கொண்டே அடிக்கிறீர்கள். ட்ரம்ஸ்காரியை முதலில் விழுத்தினேன். பாட்டிலிருந்து ட்ரம்ஸ் போய்விட்டது! குரலும் கிட்டாரும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு போகின்றன. கையைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு அதையே கேட்டேன். அதற்குள் ஸ்கில்லா என்னைக் கொன்றுவிட்டாள். அடுத்த முறை கிட்டார்காரியை முதலில் விழுத்திப் பார்த்தேன். கிட்டார் போய் ட்ரம்ஸ் மட்டும் நின்றது. நண்பன் பின்னால் இருந்து, "மச்சான், நீ வெல்லப் பார்க்கிறியா, மிக்ஸ் பண்ணப் பார்க்கிறியா?" என்றான்.

மாரியோ குதித்தால் ஒரு மெட்டு வழிவிட்டது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அது பெட்டியின் இயலாமை. இங்கே அதே காரியத்தை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். இந்தப் பாட்டை பஸ்ஸில் கேட்டேன், நல்ல ரொக் பாட்டு, அவ்வளவுதான். ட்ரம்ஸை நிறுத்த அங்கே என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவின் சோதனையில் இது முதலாமிடம், பஸ்ஸில் மூன்றாமிடம்.

ஹேடிஸ் 2இல் எனக்குள்ள முறைப்பாடு ஒன்றுதான். செத்தால் முதலிலிருந்து ஓடவேண்டிய வகைக் கேம் என்பதால், தொடக்க இடங்களின் இசையைத் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டி வரும். நல்ல இசை என்றாலும் நாற்பதாவது தரம் காது கொஞ்சம் அடைக்கும்.

சில்க்சாங், பட்டியலில் மலிவானது, காத்திருப்பில் நீளமானது. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்தில் இருக்கும் மிகச் சின்னக் குழுவான டீம் செரி 2019 பெப்ரவரியில் அறிவித்தது. பிறகு ஆறரை வருடம். 2025 ஓகஸ்ட் 21இல் திகதி சொல்லி, செப்டெம்பர் 4இல் வெளியிட்டார்கள். வாங்க வந்த கூட்டத்தில் இணையக் கடைகளே கொஞ்ச நேரம் திணறின. இருபது டொலருக்கு இதைக் கொடுக்கிறார்கள் என்பது மற்றக் கொம்பனிகளின் முகத்தில் அறைந்த மாதிரி.

முதல் பாகமான ஹலோ நைட்டுக்கும் இதற்கும் இசை கிறிஸ்டோஃபர் லார்கின். முதல் பாகத்தில் ஓயாமல் மழை பெய்யும் ஒரு நகரம் வரும். வெளியில் நின்றால் மழையும் மெல்லிய இசையும். கட்டடத்துக்குள் நுழைந்தால் இசை வேறு முகம் காட்டும். நான் அதை முதலில் விளையாடியது ஒரு சாமத்தில். பெண் குரல் மெல்ல எழும்பி வருகிற நேரம் பார்த்து, எங்கள் ஜன்னலுக்குக் கீழே கரையோர ரயில் தடதடவென்று போனது. அது போய் முடியும் வரை அந்தக் கதவடியில் பூச்சி வீரனை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். திரும்ப வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி கேட்டேன். ரயில் நேர அட்டவணையைப் பார்த்துக் கேம் விளையாடுகிற ஆள் கொழும்பில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

சில்க்சாங்கில் அதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். நாயகி ஹோர்னெட்டின் கையில் ஊசிதான் ஆயுதம். அந்த ஊசியே நீடோலின் என்ற வாத்தியமாகவும் ஆகிறது. பட்டனை அழுத்திப் பிடித்தால் அவள் வாசிப்பாள். பக்கத்தில் நிற்கிற பாத்திரங்கள் பலர் கூடவே பாடத் தொடங்குவார்கள், அல்லது மனதில் உள்ளதைச் சொல்வார்கள். கடைக்காரரிடம் சாமான் வாங்கிய பிறகு சும்மா நின்று வாசித்துப் பார்க்கலாம். சண்டைக்கும் சம்பந்தமில்லை, காசும் வராது. நண்பன் வீட்டில் அரை மணித்தியாலம் நான் செய்தது இதைத்தான்.

ஆனால் கடினம். சும்மா கடினமல்ல, பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு உயிரைப் பறிக்கும். வந்த கொஞ்ச நாளிலேயே தொடக்கத்துச் சண்டைகள் சிலவற்றை அவர்களே இலகுவாக்க வேண்டி வந்தது. வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு இது பெரிய குறை. பஸ் சோதனையில் இரண்டாமிடம். அமைதியான பகுதிகள் நெரிசலில் காணாமல் போய்விடுகின்றன. இரவில், ரயில் இல்லாத நேரத்தில், அதுவே முதலாமிடம்.

கார் ஓட்டித் திரியும் கேமான ஜிடிஏயின் அடுத்த பாகம், ஜிடிஏ 6க்குக் காசு சேர்க்கலாமே என்று ஒஃபிஸில் ஒருவர் சொன்னார். 2026 நவம்பர் 19 என்று திகதி சொல்லியிருக்கிறார்கள், பிஎஸ்5க்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் மட்டும். எனக்கு அதற்கு முதலில் கன்சோல் வாங்கவேண்டும், பதினாறாயிரம் அதன் பெட்டிக்கும் காணாது. தவிரவும் ஜிடிஏயின் இசை என்பது காரில் ஓடும் வானொலி, பெரும்பாலும் உரிமம் எடுத்துப் போட்ட பாட்டுகள். உரிமம் முடிந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேமிலிருந்தே பாட்டு போய்விடும். 2018இல் ஜிடிஏ 4இன் ரஷ்ய வானொலிக்கு அதுதான் நடந்தது. இசைக்காகக் கேம் வாங்குகிறவனுக்கு இது வயிற்றைக் கலக்குகிற செய்தி.

காசுக்கு வெளியே இருக்கிற கணக்குகளையும் பார்த்துவிடுவோம். 33க்கு ஏறக்குறைய 55 ஜிபி இடம் வேண்டும், அதுவும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியில். சில்க்சாங்குக்கு எட்டு, ஹேடிஸ் 2க்குப் பத்து. எங்கள் வீட்டு இணையத்தில் பகல் டேட்டாவை அம்மாவின் நாடகங்கள் தின்றுவிடும். 55 ஜிபி என்றால் இரவு டேட்டாவில் பல நாள் வேலை. என்னிடம் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு பழைய ஜிடிஎக்ஸ் 1660, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்ததாக வாங்கியது. 33 கேட்பது ஆகக் குறைந்தது 1060 ஆறு ஜிபி. ஓடும். எல்லாவற்றையும் குறைத்து வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும். எட்டு மணித்தியால இசை போட்ட கேமைக் கொம்பியூட்டரின் காற்றாடிச் சத்தத்துக்கு மேலே கேட்பதா என்பது எனக்குச் சின்னக் கேள்வி அல்ல.

சந்தேகம் இருந்தால் ஸ்டீமில் வாங்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள், பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நம்மவர்கள் ரீஃபண்டைக் கார்டுக்குக் கேட்காமல் ஸ்டீம் வொலட்டுக்கே கேட்பது நல்லது. டொலரிலேயே நிற்கும், மாற்று விகிதத்தில் போகவும் வரவும் நசுங்காது. அப்புறம், 2020இலிருந்து கேம் இல்லாமலே இசைத் தொகுப்பை மட்டும் ஸ்டீமில் வாங்கலாம். ஒரு கேமின் இசையைக் கேட்க மட்டும் ஆசையென்றால் அதன் தொகுப்பு அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இதையெல்லாம் போட்டுப் பார்த்தபின் சோடியைத்தான் எடுக்கப் போகிறேன், சில்க்சாங்கும் ஹேடிஸ் 2உம். 33இன் இசை மட்டம் என்பதற்காக அல்ல. மூன்றில் நல்ல இசை எது என்று கத்தியை வைத்துக் கேட்டால் 33 என்றுதான் சொல்வேன். அந்த இசை ஏற்கெனவே என்னிடம் வந்துவிட்டது, அவ்வளவுதான். கேம் மலியும், நியரை நான் பாதி விலைக்கும் குறைவாகத்தான் வாங்கினேன். ஸ்கில்லாவின் ட்ரம்ஸை நிறுத்துவதற்கும் நீடோலினை வாசிப்பதற்கும் மட்டும் எனக்கு வேறு குறுக்குவழி இல்லை. இரண்டில் முதலில் நிறுவப்போவது சில்க்சாங். ஹேடிஸ் 2 வார நாட்களுக்கு: ஒரு ஓட்டம் ஓடிவிட்டுப் படுக்கலாம்.

பெரிய கொம்பியூட்டர் உள்ளவர்களும், கடினமான கேம் என்றாலே கோபம் வருகிறவர்களும் என் பேச்சைக் கேட்கவேண்டாம். உங்களுக்கு 33தான். பிஎஸ்5 இருந்தால் டிஸ்க்காக வாங்குங்கள். பிளேஸ்டேஷனின் இணையக் கடை இலங்கைக்கென்று இல்லை, வேறு நாட்டுக் கணக்கு வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும். டிஸ்க் என்றால் முடித்துவிட்டு விற்கலாம், சொந்தக்காரருக்கு இரவல் கொடுக்கலாம். தம்பி அப்படித்தான் வாங்கி வைத்திருக்கிறான், பாதி முடித்தும்விட்டான்.

அவனுக்கு வட்ஸ்அப்பில் முடிவைச் சொன்னேன்.

"அப்ப 33?"

"உன்னட்ட இருக்குத்தானே. வாற போயாவுக்குக் கொட்டாஞ்சேனைக்கு வாறன். தொடக்கத்திலயிருந்து போடு."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "வாங்கோ. ஆனா ஹெட்போன் உங்கட. என்ர வேலை செய்யுறது ஒரு காதுதான்."